பாசிக்குக் கீழே எடுத்த மண்

1

அந்த மலைச்சரிவில் ஈயம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மகள் அங்கே பழம் பறிக்கப் போகாமல் தடுத்தேன். அவளோடு கைகோத்துப் போன மற்றக் குழந்தைகளைத் தடுக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் வழி இருக்கிறது. முப்பது வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சுற்றி வளைக்க மூச்சு போதவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கட்டுரைகள் பழக்கம்தான். முதல் பனி விழும். எழுதுகிறவர் ஜன்னலோரம் நின்று அம்மாவின் ரசத்தை நினைத்துக்கொள்வார். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். கனடாவின் வடகோடியில் சுரங்க ஊர் ஒன்றில் இருந்தபோது தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வந்தது. குழந்தைகள் பழம் தின்ற சிவந்த உதடுகளோடு சரிவிலிருந்து இறங்கி வரும் காட்சி அதில் உண்டு. வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அதை எழுதிய மாதத்தில் அந்தச் சரிவின் பாசியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நடை நன்றாக வந்திருந்தது.

2

இப்போது இருப்பது யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், லான்மடாவ் பகுதியில் ஒரு குறுகிய தெருவின் நான்காம் மாடியில். என் மனைவி பாக்கியம் பிறந்த தெரு இது. சிறுமியாக இருக்கும்போதே அப்பாவோடு கப்பலேறி மதராஸ் வந்தவள். என்னை மணந்து, என்னோடு வடகோடிக்கு வந்து குளிரில் விறைத்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று சொன்னாள்: "உங்க இஷ்டத்துக்கு இத்தனை வருஷம் ஆச்சு. இனிமே நான் ரங்கூனுக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க."

வந்தேன். ஆக, நான் இரண்டு தடவை புலம்பெயர்ந்தவன். முதல் தடவை சம்பளத்துக்காக, இரண்டாம் தடவை சோற்றுக்காக.

இங்கே நான் அந்நியன் என்பதை வருடா வருடம் அலுவலகம் போய் நிரூபிக்க வேண்டும். போன முறை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். எனக்கு அந்த மொழி டீக்கடை அளவுக்கு மேல் வரவில்லை. பாக்கியம்தான் நடுவில்.

"என்ன வேலை பார்த்தீங்கன்னு கேக்குறாங்க."

"மண் பரிசோதனைன்னு சொல்லு."

சொன்னாள். அந்த அம்மாள் முத்திரையை ஓங்கிய கையோடு சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். பாக்கியமும் சிரித்தாள்.

"மண்ணுக்கு டாக்டரா, சரி. நோயாளி பிழைச்சுதான்னு கேக்குறாங்க."

நானும் சிரித்துவைத்தேன். அந்நியர்கள் அலுவலகங்களில் சிரித்துவைக்க வேண்டும்.

அதே வாரத்தில்தான் கோயில் முளைப்பாரிக்கு மண் வந்தது. கொண்டுவந்தவன் பாக்கியத்தின் தம்பி ராமு. ஊரார் அவனைக் கூப்பிடுவது 'ஊ தான் வின்' என்ற பர்மியப் பெயரில். பக்கத்து லத்தா பகுதியில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். கோயில் கமிட்டியில் எப்போதும் ஏதாவது ஒரு பதவி. அவன் பேரப் பிள்ளைகள் "தாத்தா" என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் அவனுக்கு ஒரு காலி மனை உண்டு. அங்கிருந்து வெட்டிய மண்ணை மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, நான்கு மாடி சுமந்து வந்து கூடத்தில் போட்டான்.

மூட்டையை அவிழ்த்தேன். புல், மக்கிய சருகு, கிழிந்த பிளாஸ்டிக் பை.

"என்னப்பா இது? மேல கிடக்கிற குப்பையோட வெட்டிக்கிட்டு வந்திருக்கே! மேலாக்கச் சுரண்டித் தள்ளிட்டு அடியில இருக்கிறதை எடுக்கணும். அதுதான் மண்ணு."

"கேட்டியாக்கா? ஸயா சொல்லிட்டாரு!" என்றான் ராமு. இங்கே படித்தவர்களையெல்லாம் ஸயா என்றுதான் கூப்பிடுவார்கள். "அத்தான், கமிட்டியில பேசி முடிச்சாச்சு. இந்தத் திருவிழாவுல உங்களுக்குப் பொன்னாடை. 'மண்ணின் காவலர்'னு பட்டம். பேனர் என் செலவு."

நான் மூட்டையின் முன்னால் குந்தியிருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மேலாக்கச் சுரண்டித் தள்ளிவிட்டு அடியில் இருப்பதை எடு, அதுதான் மண். முளைப்பாரிக்கு அது சரியான யோசனைதான். அதே வாக்கியத்தை நான் வேறோர் ஊரில், வேறொரு மொழியில், வழிமுறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"என்ன, முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றாள் பாக்கியம்.

அன்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

3

நான் தொழில் கற்றது தர்மபுரிப் பக்கம் ஒரு வேளாண் மண் பரிசோதனை நிலையத்தில். வயலில் மாதிரி எடுக்கும் முறை எங்களுக்குச் சாமி மந்திரம் மாதிரி. மேலே கிடக்கும் இலை தழையை அகற்று. ஆங்கில 'வி' எழுத்துப்போல அரையடி ஆழம் வெட்டு. அந்தப் பள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து சீராகச் சீவி எடு. கடலை போடுகிற செம்மண்ணுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

அந்த மந்திரத்தோடுதான் வடகோடிக்குப் போனேன். அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம். தாதுப் பொடி தார்ப்பாய் போடாத லாரிகளில் துறைமுகத்துக்குப் போகும். சாலையின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் தூசி படியும். அந்தச் சாலைக்கு மேலேதான் பழச்சரிவு. சுற்றுப்புற மண் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பார்த்தேன். தரையை மெத்தைபோல மூடியிருந்த பாசியையும் சருகையும் அகற்றிவிட்டு, 'வி' வெட்டி, அடியிலிருந்து சீவி எடுத்தேன். முதல் வருடம் எல்லாம் சுத்தம். அது ஏமாற்று அல்ல, வெறும் மடமை. ஒரு தமிழ்நாட்டு வேளாண் ஆய்வாளன் மட்டுமே செய்யக்கூடிய மடமை.

நம் ஊரில் ஒரு மழைக்காலத்தில் மண்ணாகிவிடும் சருகு அங்கே மக்குவதில்லை. ஒரு மனிதனின் ஆயுள் முழுக்கப் பாசியோடு பாசியாகக் கிடக்கும். ஒரு முழம் தோண்டினால் நடுக் கோடையிலும் கரையாத உறைந்த தரை. மேலே விழும் ஈயத் தூசியைப் பாசியும் மக்காத சருகும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்க விடாது. எது விழுந்தாலும் அந்த ஒரு சாண் பாசியிலேயே கிடக்கும். பழச்செடிகள் அந்தப் பாசியில்தான் படர்ந்திருக்கும். குழந்தைகள் அதில்தான் மண்டியிட்டுப் பறித்து, கழுவாமல் வாயில் போடுவார்கள். நான் குப்பை என்று தூக்கி எறிந்ததுதான் அந்த ஊரின் மண். நான் சோதித்தது யாரும் தொடாத, யாரும் மிதிக்காத ஒன்று.

இரண்டாம் கோடையில் வேலை குறைவாக இருந்த ஒரு நாள், சும்மா ஒரு ஆர்வத்தில் பாசியையும் அரைத்துச் சோதித்தேன். வந்த அளவைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கருவியைச் சரிபார்த்தேன். கெட்டிருந்தது கருவி அல்ல.

மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர்போல் பேசவில்லை. கெட்டவர்கள் அப்படிப் பேசுவதும் இல்லை.

"பாசியை யாராவது மண் என்று சொல்வார்களா?" என்றார். "உங்கள் நாட்டில் என்ன செய்வீர்கள்?"

"அகற்றிவிடுவோம்."

"ஆயிரக்கணக்கான வருடம் விவசாயம் செய்த நாடு. உங்களுக்குத் தெரியாததா? அந்த முறையையே முறையாக எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்."

நான் என்ன உணர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயமில்லை. பெருமை. என் உச்சரிப்பையும் என் சாப்பாட்டு வாசனையையும் பார்த்து முகம் சுளித்த ஊரில், என் நாட்டிலிருந்து வந்த ஒன்றை முதன்முதலாக ஒருவர் மதித்தார். அந்த மதிப்புக்கு நான் கொடுத்த விலையை மற்றவர்களின் குழந்தைகள் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன். மிக நேர்த்தியான வழிமுறை அது. அகற்ற வேண்டியவை என்ற தலைப்பில் முதல் சொல்லாகப் 'பாசி' என்று எழுதினேன். பாசியில் கண்டதை எங்கும் எழுதவில்லை. அடுத்த வருடம் சம்பளம் உயர்ந்தது.

4

எங்கள் மகள் கல்யாணிக்கு அப்போது எட்டு வயது. பக்கத்து வீட்டு எல்ஸிக்கும் அதே வயது. அந்த மண்ணின் பூர்வகுடிக் குடும்பம் அவர்களுடையது; எல்ஸியின் அம்மா மேரி, தம்பி டாமி. முதல் வருட இலையுதிர் காலத்தில் எல்லோரும் சேர்ந்து போய் வாளி வாளியாகச் சிவப்புப் பழம் பறித்து வந்தார்கள். நல்ல புளிப்பு. பாக்கியத்துக்குப் புளிப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. மிளகாய்ப் பொடி, வெந்தயம், நல்லெண்ணெய் போட்டு ஊறுகாய் ஆக்கினாள். ஒரு ஜாடி எங்களுக்கு, ஒரு ஜாடி மேரிக்கு. மேரி அதை மான் இறைச்சியோடு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய இன்னும் கேட்டாள்.

பாசியைச் சோதித்த அன்று வீட்டுக்கு வந்து எங்கள் ஜாடியைக் குப்பையில் கவிழ்த்தேன்.

"ஐயோ, ஏன்?"

"பூஞ்சை பிடிச்சிருக்கு."

"நேத்துக்கூட நல்லா இருந்துச்சே!"

"பிடிச்சிருக்குன்னு சொல்றேன்ல?"

மேரி வீட்டு ஜாடி அவர்கள் அலமாரியில் இருந்தது. அவர்கள் சமையலறை ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும். அதற்குப் பூஞ்சை பிடிக்கவில்லை.

அந்த வருடம் பழம் பறிக்கும் நாளில் எல்ஸி வாசலில் வாளியோடு வந்து நின்றாள். கல்யாணி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் தெருவில் இறங்கி, எல்ஸியின் கையிலிருந்து என் மகளின் கையைப் பிடுங்கி, உள்ளே இழுத்து வந்தேன். "அந்தப் பழம் தொண்டைக்கு ஆகாது, சளி பிடிக்கும்" என்றேன். எல்ஸி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். நான் கதவைச் சாத்தினேன்.

பிறகு டாமிக்குப் படிப்பு ஏறவில்லை. எழுத்துகள் அவனிடம் நிற்கவில்லை. அது ஈயத்தாலா, வேறு எதனாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்போது சோதித்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி செய்ததுதான் என் வழிமுறை.

5

நான் சொல்லி முடித்ததும் முதலில் பேசியவன் ராமு.

"அது அங்க நடந்தது அத்தான். இங்க யாருக்குத் தெரியப்போவுது? பேனருக்கு வேற சொல்லிட்டேன்."

"உன் பேனரைக் கொண்டுபோய்க் கடையில கட்டுடா," என்றாள் பாக்கியம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மேரி வீட்டு ஜாடி?"

"எடுக்கலை."

"நான் என் கையால போட்டுக் குடுத்தது."

"ஆமா."

அவள் எழுந்து போய் முளைப்பாரிச் சட்டிகளில் மண்ணை நிரப்பினாள். அதற்குப் பிறகு பல நாள் வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை.

கல்யாணி கனடாவிலேயே, தெற்கே ஒரு நகரத்தில் ஆசிரியை. அம்மாவோடு வாரந்தோறும் பேசுவாள். என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்பாள், அவ்வளவே. பிள்ளைகள் விலகிப்போவதற்கு வெளிநாட்டைக் குறை சொல்லும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. போனை வாங்கி அவளிடம் சொன்னேன்.

"நீங்க எல்ஸி வீட்டு ஆளுங்களைக் கேவலமா நினைக்கிறீங்கன்னு நினைச்சேன்ப்பா. எங்க ஸ்கூல்ல மத்த அப்பாங்க மாதிரி. பெரியவளானப்புறம் எல்ஸிகிட்ட போய் உங்களுக்காக மன்னிப்புக்கூடக் கேட்டேன், தெரியுமா? எங்க அப்பாவுக்கு உங்க ஜனங்கன்னா ஆகாது, மன்னிச்சிருன்னு."

"தெரியாது."

"அதுவா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது." பிறகு கேட்டாள்: "எல்ஸியோட குழந்தைங்க இப்பவும் அங்கதான் பறிக்கிறாங்க. அதுவாவது தெரியுமா?"

தெரியாது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. பாசியை யாரும் மூடவில்லை. அந்தக் குளிரில் விழுந்தது விழுந்தபடியே இருக்கும்.

6

அந்த ஊரின் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினேன். அங்கே மண் கெட்டிருக்கிறது, பாசியோடு சேர்த்துச் சோதியுங்கள், குழந்தைகளை விடாதீர்கள் என்று. பணிவான பதில் வந்தது. என் கவலையைப் பதிவு செய்துகொண்டார்களாம். ஆனால் அந்தச் சரிவு ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட முறையில் சோதிக்கப்பட்டுச் சுத்தம் என்று உறுதியாகியிருக்கிறதாம். என் புரிதலுக்காக அந்த முறையையும் இணைத்திருந்தார்கள். கீழே என் பெயர் இருந்தது.

முப்பது வருடத்துக்கு முந்தைய நான் இன்றைய என்னை மறுத்துவிட்டேன், அலுவலக முத்திரையோடு.

அந்த ஆள் நான்தான் என்று எழுதினேன். அப்படியானால் வசிக்கும் நாட்டில் அத்தாட்சி பெற்று அடையாளத்தை நிரூபிக்கவும் என்றார்கள். யாங்கோன் வக்கீல் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இது? விருது ஏதாவது குடுக்குறாங்களா?" என்று கேட்டதாகப் பாக்கியம் மொழிபெயர்த்தாள். அவள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள், மொழிபெயர்ப்பு வரைக்கும்.

அத்தாட்சி போய்ச் சேர்ந்தது. தரை உறைந்துவிட்டது, கோடையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதற்குள் கல்யாணி லீவு போட்டுவிட்டு எல்ஸியிடம் போயிருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க உரிமையும் இல்லை. பனி விலகியதும் இருவரும் சரிவில் ஏறி, நான் போனில் சொல்லச் சொல்ல, பாசியைச் சுரண்டாமல், பாசியோடு சேர்த்து வெட்டி எடுத்து, தாங்களே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் அன்று கண்டதுதான் வந்தது. பாசி எதையும் மறக்கவில்லை.

ஊர்ச் சபை கூடியது. நான் இங்கிருந்து போனில் பேச வேண்டும். அவர்களுக்கு மாலை, எங்களுக்குக் காலை. வழக்கம்போல மின்சாரம் இல்லை. ராமு கடையிலிருந்து பெரிய பேட்டரியைச் சுமந்து வந்து இணைப்புக் கொடுத்தான். பேனரை ரத்து செய்துவிட்டதாகவும் அட்வான்ஸ் போனது போனதுதான் என்றும் சொன்னான்.

திரையில் நீள மேஜை. ஓரத்தில் கல்யாணி. பக்கத்தில் நரை கலந்த பின்னலோடு ஒருத்தி, எல்ஸி. அவளுக்கு அடுத்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன், டாமி. சுகாதார அலுவலக அதிகாரி, பாசியை ஏன் அகற்றினீர்கள் என்று என் சொற்களிலேயே சொல்லச் சொன்னார். முதல் வருடம் தெரியாமல், பிறகு தெரிந்து என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு எல்ஸி கையை உயர்த்தினாள்.

"ஒரே கேள்விதான். அன்று தெருவில் வந்து என் கையிலிருந்து இவளை இழுத்துக்கொண்டு போனீர்கள். என்னையும் ஏன் உள்ளே கூப்பிடவில்லை?"

பல பதில்கள் இருந்தன. சம்பளம், வேலை, விசா. எதுவும் அந்த மேஜைக்கு ஏற்றதாக இல்லை.

"உன்னைக் கூப்பிட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாசலில் வாளியோடு நின்றபோதும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். அன்று நான் கதவைச் சாத்திவிட்டேன். "சரி" என்று சொல்லிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பி, வேலி எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள்.

7

வேலி போட்டார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை என்றார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. என் வழிமுறையை விலக்கிக்கொண்டதாக ஒரு வரிக் கடிதம் எனக்கு வந்தது. இத்தனை வருட உழைப்பில் எனக்குக் கிடைத்த கௌரவம் அது ஒன்றுதான். டாமியின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. அவனுக்கான பரிசோதனை முப்பது வருடத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கல்யாணி இப்போது லீவு கிடைக்கும்போதெல்லாம் அங்கேதான் போகிறாள். என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள் போலிருக்கிறது.

போன வாரம் கீழே தெருவிலிருந்து மணி அடித்தது. இங்கே ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். பேப்பரோ பாலோ அதில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி ஒலிக்கும். பாக்கியம் இழுத்தாள். கனமாக வந்தது. கல்யாணியின் தோழி ஒருத்தி ஊர் சுற்ற வந்தவள், பொட்டலத்தை மாட்டிவிட்டுக் கையசைத்துப் போய்விட்டாள்.

உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி. மூடியின்மேல் எல்ஸியின் கையெழுத்து: கல்யாணியின் அம்மாவுக்கு, வேறு மலை, எங்கள் அம்மா செய்யும் விதம்.

சிவப்புப் பழ ஊறுகாய். எண்ணெய் மேலே நின்று பளபளத்தது. மேரி அன்றிலிருந்து வருடா வருடம் போட்டுவந்திருக்கிறாள். மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அத்தனை வருடமும் பழம் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, பாக்கியமும் கேட்கவில்லை.

அவள் தட்டில் பழையதைப் போட்டுக்கொண்டு, ஜாடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"வெந்தயம் ஒரு பிடி கூட. மத்தபடி என் கை மாதிரியே இருக்கு."

நான் என் தட்டை நகர்த்தினேன்.

அவள் மூடியை இறுக்கித் திருகி, ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேணாம்," என்றாள். "பூஞ்சை பிடிச்சிருக்கு."